ஒரு வடக உருண்டையின் பயணம்

மாசி, பங்குனியில் பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கம் போனால் வயலோரத்தில் வெங்காயப் பட்டறைகள் நிற்கும். அறுத்த சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகக் குவித்து, மேலே கீற்றுப் போட்டு மூடி, விலை ஏறும் வரை காத்திருக்கிற இடம் அது. எல்லார் காட்டிலும் ஒரே நேரத்தில் விளைந்து வருவதால் அப்போது விலை படுத்துவிடும். பட்டறை போட வசதியில்லாதவர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார். அதே வாரங்களில்தான் கடலூர், சிதம்பரம், விழுப்புரம், புதுச்சேரி வீடுகளில், "வடகத்துக்கு வெங்காயம் வாங்கணும்" என்ற பேச்சு ஆரம்பிக்கும். வெங்காயம் மலிவாகிற மாதமும் வெயில் ஏறுகிற மாதமும் ஒன்றாக வாய்த்ததால் பிறந்த பொருள் தாளிப்பு வடகம்.

தென்மாவட்டத்துக்காரர்கள் வடகம் என்றதும் அரிசிக் கூழைக் காய்ச்சித் துணியில் ஊற்றிக் காயவைப்பதை நினைப்பார்கள். இது வேறு. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, தோலோடு உடைத்த உளுந்து, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, கல்லுப்பு எல்லாவற்றையும் சேர்த்து உருண்டை பிடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பல நாள் வெயிலில் காயவைத்தது. சில வீடுகளில் சோம்பும் பெருங்காயமும் சேரும். கறிவடகம், வெங்காய வடகம், வடவம் என்று ஊருக்கு ஒரு பெயர் உண்டு. பார்க்க நிறம் செத்த, கறுத்த உருண்டை. இது என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமானால், சுண்டைக்காய் அளவு கிள்ளிக் காய்ந்த நல்லெண்ணெயில் போட்டுப் பார்க்க வேண்டும். கடுகு வெடிக்கும், உளுந்து சிவக்கும், வெங்காயமும் பூண்டும் மணக்கும், வெந்தயத்தின் கசப்பு ஒரு நொடி மூக்கில் ஏறி அடங்கும். அஞ்சறைப் பெட்டியைத் திறக்காமலே ஒரு தாளிப்பு முடிந்துவிடும்.

இந்த உருண்டை எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இதன் கதையில் பின்னால் நடந்தவை எல்லாம் இந்தச் செய்முறையில் இருந்துதான் புரியும்.

வெங்காயத்தை ஒரு வேளை வெயிலில் போட்டால் தோல் தளரும். பிறகு உரிப்பது. ஐந்து கிலோ என்றால் நாலு பேர் கூடி உட்கார வேண்டிய வேலை. உரித்ததை உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மைய அரைத்துவிட்டால் உருண்டை கெட்டிப்பட்டு உள்ளே ஈரம் நின்றுவிடும். இடித்த வெங்காயத்தோடு தட்டிய பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், உப்பு, மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசறி ஒரு பானையில் போட்டு ராத்திரி மூடிவைப்பார்கள். காலையில் திறந்தால் உப்பு வெங்காயத்துச் சாற்றை இழுத்து அடியில் நிறுத்தியிருக்கும். லேசாகப் புளித்த வாசனை வரும். சாற்றைப் பிழிந்து பானையில் விட்டுவிட்டு, கலவையை உருண்டைகளாகப் பிடித்து மொட்டைமாடியில் பாயின்மேல் துணி விரித்து வைப்பார்கள்.

சாயங்காலம் உருண்டைகள் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். அவற்றை உடைத்து அதே பானையில், அதே சாற்றில் போட்டுப் பிசறி மூடிவிட வேண்டும். மறுநாள் மறுபடி உருட்டி மறுபடி வெயில். சாறு முழுவதும் உறிஞ்சப்படும் வரை இது நடக்கும். வெங்காயத்திலிருந்து வெளியே போனது தண்ணீர் மட்டும்தான், சாரம் ஒரு சொட்டும் போகவில்லை. அதன்பின் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தொட்டுத் தொட்டு உருட்டுவார்கள். ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். வெளிர் ஊதாவாக இருந்தது மண்நிறமாகி, காவியாகி, கடைசியில் கறுப்புக்கு வரும். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள சர்க்கரை, மெல்லிய சூட்டில் நாள்கணக்கில் நிறம் மாறிக்கொண்டே போவதால் வருகிற கறுப்பு அது. அடுப்பில் வதக்கினால் பத்து நிமிடத்தில் வருகிற நிறம்தான். ஆனால் மணம் வேறு, ஆழம் வேறு.

விளக்கெண்ணெய் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பேதிக்குக் கொடுக்கிற எண்ணெயை யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. துவரம்பருப்பில் வண்டு விழாமலிருக்க விளக்கெண்ணெய் தடவிக் காயவைத்த பாட்டிகளின் கைப்பழக்கம்தான் இது. அந்த எண்ணெய் கெட்டியாக ஒட்டும், எளிதில் காறாது, பூச்சியை அண்டவிடாது. உப்பும் வெயிலும் ஈரத்தை எடுத்துவிட, மேலே இந்த எண்ணெய்ப் படலம் காவல் நிற்கும். அதனால்தான் சித்திரையில் போட்ட வடகம் அடுத்த சித்திரை வரை மண்பானையில் கெடாமல் கிடக்கிறது. ஒரு தாளிப்புக்கு நாம் கிள்ளிப் போடுகிற அளவு மிகக் கொஞ்சம் என்பதால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்ன வெங்காயத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். உரித்த வெங்காயம் 1 கிலோ காய்ந்து முடிந்தால் 200 கிராம்தான் மிஞ்சும். அதோடு பூண்டு, பருப்பு, கடுகு, உப்பு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். ஒரு தாளிப்புக்கு 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் நூறு குழம்புக்கு மேல் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து, சின்ன வெங்காயம் விலை எகிறி, கிலோக் கணக்கில் வாங்கியவர்கள் கால் கிலோ வாங்குகிற நாளில், வடகப் பானை உள்ள வீட்டில் வெங்காயமே வாங்காமல் கீரை கடைந்து தாளித்துவிடலாம். மீன் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, புளிக்குழம்பு, முருங்கைக்கீரை, கொத்தவரங்காய்ப் பொரியல், எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். காய் வாங்கக் காசில்லாத நாளில் வடகத்தை வறுத்து, புளியும் மிளகாயும் தேங்காயும் வைத்துத் துவையல் அரைத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுப் படுத்த குடும்பங்கள் நம் மாவட்டங்களில் ஏராளம்.

இது மலிவான பொருள் என்ற எண்ணம் நமக்கு இப்படித்தான் வந்தது. ஆனால் அந்த மலிவில் ஒரு செலவு எழுதப்படவே இல்லை. பத்து நாள் உரித்து, இடித்து, உருட்டி, காக்கையை விரட்டி, மேகம் கூடினால் ஓடிப்போய் அள்ளி வந்த பெண்களுக்கு யாரும் கூலி போட்டதில்லை. வெயில் இலவசம், அம்மாவின் கையும் இலவசம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இந்த உருண்டை ஊரைவிட்டுப் போன கதையைச் சரியாகப் பார்க்க முடியும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் புதுச்சேரியில் காலூன்றினார்கள். 1739-இல் காரைக்கால் அவர்கள் கைக்கு வந்தது. இரண்டுமே வடகம் போடுகிற சீமை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர்களின் அடுப்படியில் பிரெஞ்சு வீட்டுச் சமையலும் தமிழ்ச் சமையலும் அக்கம்பக்கமாக வெந்தன. பிரெஞ்சு வீடுகளில் சமைத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். எசமானர் வீட்டுச் சட்டியிலும் அவர்கள் கைப்பழக்கம் இறங்காமல் இருக்குமா?

அந்த ஊர்களிலிருந்து ஆட்கள் கப்பலேறிப் போனார்கள். பிரான்சு 1848-இல் அடிமை முறையை ஒழித்தபின் அதன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். 1854-இல் ஒரேலி என்ற கப்பல் குவாதலூப்பில் இந்தியத் தொழிலாளர்களை இறக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அதே கப்பல் மார்த்தினிக்குக்குப் போயிருந்தது. அந்தத் தீவுகளில் இன்றும் கொலொம்போ என்ற மசாலாப் பொடி வீட்டுக்கு வீடு இருக்கிறது. மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சளோடு வறுத்த அரிசியும் சேர்த்து இடித்தது. நம் குழம்புதான் அங்கே அந்தப் பெயரில் வாழ்கிறது. தோட்டக் கூலிகளாகப் போனவர்கள் கொடுத்த ருசி இன்று அந்தத் தீவுகளின் பொது உணவு. அந்த மக்கள் பட்ட பாட்டைப் பேசாமல் அந்தப் பொடியின் மணத்தை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

வடகம் போன வழி வேறு. அது பெரும்பாலும் பட்டாளத்துக் குடும்பங்களோடும் உத்தியோகக் குடும்பங்களோடும் போனது. புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனார்கள். சைகோனில் அலுவலகங்களில் வேலை பார்த்தார்கள். 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பல குடும்பங்கள் எழுதிக் கொடுத்தன. புதுச்சேரியில் இன்றும் 'சொல்தா' வீடு என்றால் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வருகிற வீடு என்று தெரியும். அந்த வீடுகளின் பிள்ளைகள் பாரிசுக்கும் அதன் புறநகர்களுக்கும் போகும்போது பெட்டியில் என்ன வைத்துவிடுவார்கள்? ஊறுகாய் கசியும், கருவாடு நாறும். வடகம் கசியாது, கெடாது, கொஞ்சம் இடத்தில் நிறைய இருக்கும். கப்பலில் போவதற்கென்றே செய்தது போன்ற பண்டம் அது.

பாரிசில் தமிழ்க்கடைகள் லா சப்பேல் பகுதியில் பெருகியது 1980-களில் ஈழத்திலிருந்து மக்கள் போன பிறகுதான். அதற்கு முன்பு அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்குச் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் அரிது. ஊரிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற பொட்டலத்தில்தான் இரண்டின் மணமும் இருந்தது. ஒரு கிள்ளலில் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் கிடைத்துவிடும் என்பது நம் ஊரில் வசதி. அந்தக் குளிரூரில் அது உயிர்நாடி.

பிறகுதான் அது தமிழ் வீடுகளைத் தாண்டியது. பிரெஞ்சு மொழியில் வடவம் வதுவான் ஆயிற்று. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் பாரிசிலும் நியூயார்க்கிலும் பெரிய உணவகங்களின் சமையற்காரர்கள் அதைக் கையிலெடுத்தார்கள். வெண்ணெயில் குழைத்து மீன்மேல் வைத்தார்கள். சிப்பிக் கறியில் போட்டார்கள், காலிபிளவரிலும் கேரட்டிலும் தடவிச் சுட்டார்கள். அமெரிக்கச் சமையல் இதழ்கள் செய்முறை வெளியிட்டன. அந்தச் செய்முறைகளில் உருண்டை இல்லை, வெயில் இல்லை, பானை இல்லை. வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணெயில் வதக்கி, சீரகம், ஏலக்காய், வெந்தயம், மஞ்சள், சில நேரம் ஜாதிக்காய் சேர்த்து, அடுப்புப் பெட்டியில் குறைந்த சூட்டில் உலர்த்தி எடுப்பது. கடைகளில் விற்பது இன்னும் சுருக்கம்: உலர்ந்த வெங்காயத் தூளும் மசாலாத் தூளும் கலந்த பொடி. விளக்கெண்ணெய் அநேகமாக எங்கும் கிடையாது.

இதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பண்டம் புது ஊரில் புது உருவம் எடுப்பது இயல்பு. புதுச்சேரிச் சமையலே அப்படி உருவானதுதான். ஆனால் அந்தச் சின்னச் சீசாக்களின் விலையைப் பார்க்கும்போது ஒன்று உறைக்கிறது. பொருள்களின் பட்டியல் மட்டும் ஊர் விட்டு ஊர் போயிருக்கிறது. பட்டியலில் எழுத முடியாத பத்து நாள் வேலை இங்கேயே நின்றுவிட்டது. வேலை குறைந்த பொடிக்கு அதிக விலை, வேலை மிகுந்த உருண்டைக்கு நாம் பேரம் பேசுகிறோம்.

பிரான்சிலேயே இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. தெற்கு பிரான்சின் ப்ரோவான்ஸ் மலைக்காடுகளில் வளரும் தைம், ரோஸ்மேரி, சேவரி, ஓரிகானோ போன்ற மூலிகைகளைக் காயவைத்துக் கலந்து அந்த ஊர்க்காரர்கள் சமைப்பார்கள். 'ப்ரோவான்ஸ் மூலிகை' என்ற பெயரில் அது உலகமெங்கும் மலிவுச் சீசாக்களில் பரவியது. அந்தப் பெயருக்கு ஊர்க் கட்டுப்பாடு இல்லாததால் எந்த நாட்டு மூலிகையையும் போட்டு விற்றார்கள். கடைசியில் அங்குள்ள விவசாயிகள் முயன்று 2003-இல் லேபல் ரூஜ் என்ற தர முத்திரையைப் பெற்றார்கள். எந்த மூலிகை எத்தனை பங்கு என்று அதில் வரையறை உண்டு. வாங்குகிறவர் முத்திரையைப் பார்த்து வாங்கலாம். நம் வடகத்துக்கு அப்படி எந்த முத்திரையும் தேவைப்படவில்லை, ஏனென்றால் அண்மைக்காலம் வரை யாரும் அதைக் கடையில் வாங்கவில்லை. இப்போது வாங்குகிறோம். மொட்டைமாடி இல்லாத குடியிருப்புகளுக்கு மாறிவிட்டோம், பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், உரல் மூலையில் கிடக்கிறது. ஆகவே நல்ல வடகம் எது, நியாய விலை எது என்று தெரிந்து வாங்குவது அவசியமாகிவிட்டது.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கருவாட்டுப் பகுதியைத் தாண்டி ஓரமாக உட்கார்ந்திருந்த ஓர் ஆயாவிடம் வாங்கப் போனேன். முறத்தில் எலுமிச்சம்பழம் அளவு உருண்டைகள்.

"ஆயா, இது இந்த வருசத்துதா?"

"போன சித்திரையில போட்டதும்மா. பழசானா வாசனை கூடும். உடைச்சு மோந்து பாரு."

உடைத்தேன். உள்ளும் வெளியும் ஒரே நிறம். கடுகு முழுசாகத் தெரிந்தது. வெங்காயம் நார்நாராக இருந்தது. விரலில் எண்ணெய் மினுங்கியது.

"பெரிய வெங்காயம் கலந்திருக்கா?"

"அதப் போட்டா காயவே காயாதும்மா, சொதசொதன்னு நிக்கும். பூசணம் பூத்துடும். போடுறவங்க போடுறாங்க, நான் போடுறதில்ல."

"வெல கொஞ்சம் கூடுதலா சொல்றீங்களே?"

"வெங்காயத்துக்குத்தாம்மா வெல சொல்றேன். பத்து நாள் வெயில்ல நின்னதுக்கு நான் இன்னும் சொல்லவே இல்லியே."

கேட்ட விலையைக் கொடுத்தேன். அந்த அம்மா சொன்னது முழுக்க நியாயம்.

அவரிடம் கற்றதையும் வீட்டில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். உருண்டையை உடைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். உள்ளே வெளிறி ஈரமாக இருந்தால் மழைக்காலத்தில் பூத்துவிடும். உள்ளே வெறும் உளுந்தாகத் தெரிந்தால் எடைக்காகப் பருப்பைக் கூட்டியிருக்கிறார்கள். காறல் வாசனை வந்தால் மட்டமான எண்ணெய். கைபட்டதும் பொடியாக உதிர்ந்தால் பிசைந்த பதம் சரியில்லை. கிலோ விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 100 கிராம் வாங்கினால் ஒரு சிறு குடும்பத்துக்கு இருபது தாளிப்பு வரும். ஒவ்வொரு தாளிப்பிலும் கடுகு, உளுந்து, வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை அத்தனையும் மிச்சம். கடலூர், விழுப்புரம், நாகை மாவட்டங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் போட்டு விற்கிற இடங்களில் கேட்டுப் பாருங்கள். பாக்கெட்டில் பொடியாக வருவதைவிட உருண்டையாக வாங்குவது நல்லது. உருண்டையில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியும்.

நீங்களே போட்டால் செலவு இன்னும் குறையும். மாடி இல்லையென்றாலும் மேற்குப் பார்த்த பால்கனி போதும். முதல் தடவைக்கு உரித்த சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 150 கிராம், தோல் உளுந்து 100, கடுகு 75, சீரகம் 50, வெந்தயம் 25, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, மஞ்சள்தூள் இரண்டு தேக்கரண்டி, கல்லுப்பு ஒரு கைப்பிடி, விளக்கெண்ணெய் 50 மில்லி. உரல் இல்லையென்றால் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒரே ஓட்டாக ஓட்டினால் கூழாகிவிடும். கத்திரி வெயில் மே மாதம் முதல் வாரத்தில் தொடங்குகிறது. அதற்குள் போட்டுவிட்டால் கோடை மழைக்குப் பயப்படாமல் காய்ந்துவிடும். நடுவில் மேகம் கூடினால் உருண்டைகளை உடைத்து அகலமான தட்டில் பரப்பி மின்விசிறியின் கீழ் வையுங்கள், வெயில் வந்ததும் மறுபடி உருட்டலாம். காய்ந்ததா என்று பார்க்க ஓர் உருண்டையைத் தரையில் தட்டுங்கள். கல்லைப் போலச் சத்தம் கேட்டால் ஆறவைத்து ஈரமில்லாத கண்ணாடி சீசாவிலோ மண்கலயத்திலோ போட்டு மூடலாம். ஐப்பசி மழை விட்ட ஒரு வெயில் நாளில் மறக்காமல் எடுத்து ஒருமுறை காயவையுங்கள். கிள்ளும்போது கை காய்ந்திருக்க வேண்டும், கரண்டி போட்டால் ஈரமில்லாததைப் போடுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்து, தீயைக் குறைத்த பிறகு வடகத்தை உதிர்த்துப் போடுங்கள், பூண்டும் வெங்காயமும் ஏற்கெனவே கறுத்தவை என்பதால் சீக்கிரம் தீய்ந்துவிடும். முதலில் அரைக்கீரையில் போட்டுப் பாருங்கள்.